காட்டன் சுவடிகள் முதல் பாஸ்டன் ஸ்பா வரை: நூலகத் தீயும் ஆக்சிஜன் குறைப்பும்

1731ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் விடியுமுன் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஆஷ்பர்ன்ஹாம் இல்லம் தீப்பற்றியது. சர் ராபர்ட் காட்டன் (1571–1631) திரட்டிய சுவடித் தொகுதி அப்பொழுது அவ்வில்லத்தில் வைக்கப்பட்டிருந்தது. அடுப்பின் புகைபோக்கிக்குக் குறுக்கே கிடந்த மரச்சட்டத்தில் தீ தொடங்கியது எனப் பின்னர் கருதப்பட்டது. பேழைகள் உடைத்துத் திறக்கப்பட்டன. சுவடிகள் சன்னல் வழியே வெளியே எறியப்பட்டன. நூலகர் ரிச்சர்டு பென்ட்லி, அங்கேயே வைக்கப்பட்டிருந்த அலெக்சாண்டிரிய விவிலியச் சுவடியைக் கையில் ஏந்திக்கொண்டு இரவு உடையோடு வெளியேறியதாக அக்காலக் குறிப்பொன்று கூறுகிறது. மறு ஆண்டில் நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தபோது, 958 சுவடிகளுள் 746 பழுதின்றி இருந்தன, 114 அழிந்தன அல்லது முற்றிலும் கெட்டன, 98 சேதமுற்றன.

இத்தொகுதி 1753இல் பிரித்தானிய அருங்காட்சியகம் நிறுவப்பட்டபோது அதன் அடிப்படைத் தொகுதிகளுள் ஒன்றாயிற்று. 1973 முதல் பிரித்தானிய நூலகத்தின் உடைமையாக உள்ளது. அதே நூலகம் 2009இல் தீ எழவே இயலாதவாறு காற்றை மாற்றியமைத்த சேமிப்பகம் ஒன்றை யார்க்ஷையர் பகுதியிலுள்ள பாஸ்டன் ஸ்பாவில் திறந்தது. இடைப்பட்ட 278 ஆண்டுகளில் நூல்களைத் தீயிலிருந்து காப்பது பற்றிய எண்ணம் எவ்வாறு மாறியது என்பதை ஒரே நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு காண இயலும். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வரலாற்றில் தனி உரிமை உண்டு. தீயால் இழந்த சொல் ஒன்றுக்கு ஈடு காண வேண்டிய கடமை இறுதியில் அவர்களிடமே வந்து சேருகிறது.

படியும் பாடமும்

காட்டன் தம் நூலகப் பேழைகளின் மேல் உரோமப் பேரரசர் முதலானோரின் மார்பளவுச் சிலைகளை வைத்திருந்தார். அப்பெயர்களே சுவடி எண்களாயின. ஓதோ, விட்டெல்லியஸ், கால்பா ஆகிய பேழைகள் பெருஞ்சேதமடைந்தன. பேழைகள் மறைந்து போயினும் பெயர்கள் இன்றும் எண்களாக வழங்குகின்றன.

ஓதோ ஏ 12 என்னும் சுவடியில் பழைய ஆங்கிலப் பாடலான ‘மால்டன் போர்’ இருந்தது. கி.பி. 991இல் நிகழ்ந்த போரைப் பாடும் அதற்கு வேறு சுவடி இல்லை. தீயில் அச்சுவடியின் பெரும்பகுதி அழிந்தது. பாடலின் ஓர் ஏடும் மிஞ்சவில்லை. ஆயினும் 325 அடிகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. தீக்கு முன்னரே ஒருவர் அதனைப் படியெடுத்திருந்தார் என்பதும், அப்படியைக் கொண்டு தாமஸ் ஹேர்ன் 1726இல் அச்சிட்டார் என்பதும் அதற்குக் காரணம். ஹேர்ன் அதை உரைநடை போல அடிபிரிக்காமல் அச்சிட்டார். படியெடுத்தவர் ஜான் எல்ஃபின்ஸ்டன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது துணை நூலகர் டேவிட் காஸ்லியின் கையெழுத்து எனப் பின்னர்த் தெளியப்பட்டது. படியெடுக்கப்பட்டபோதே மூலத்தின் தலைப்பும் கடையும் சிதைந்திருந்தன.

இதன் விளைவு நுட்பமானது. அப்பாடலில் காணும் ஓர் எழுத்து வேறுபாடு பதினோராம் நூற்றாண்டு எழுத்தரின் வட்டார வழக்கா, பதினெட்டாம் நூற்றாண்டுக் காஸ்லியின் கைப்பிழையா என்பதைச் சரிபார்க்க மூலம் இல்லை. பாடல் பிழைத்தது, அதன் ஒலியனியல் சான்றின் வலிமை குன்றியது. ‘படி இருக்கிறதே, போதாதா’ என்று கேட்போர் இந்த வேறுபாட்டைக் கருதுவதில்லை.

விட்டெல்லியஸ் ஏ 15இல் உள்ள ‘பியோவுல்ஃப்’ காப்பியத்தின் நிலை வேறு. 3,182 அடிகள் கொண்ட அதன் ஒரே சுவடி எரியவில்லை, விளிம்புகள் கருகின. கருகிய தோலேடு நொறுங்கும் தன்மையது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் விளிம்பெழுத்துகள் உதிர்ந்தன. தீ ஓர் இரவில் அணைந்தது. அதன் அழிவு நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது எனலாம். 1845இல் ஒவ்வோர் ஏடும் தனித்தனிக் காகிதச் சட்டத்தில் பொருத்தப்பட்ட பின்னரே உதிர்வு நின்றது. அச்சட்டமும் விளிம்பிலிருந்த எழுத்துகள் சிலவற்றை மறைத்தது. 1990களில் ஒளியிழை விளக்கைப் பின்புறம் வைத்துப் படமெடுத்தபோதுதான் அவ்வெழுத்துகள் மீண்டும் தெரிந்தன.

ஐஸ்லாந்தில் பிறந்த கிரிமூர் தோர்கெலின் 1780களின் பிற்பகுதியில் இலண்டன் வந்து இரண்டு படிகள் பெற்றுச் சென்றார். ஒன்று கூலிக்கு எழுதிய எழுத்தருடையது. மற்றொன்று அவரே எழுதியது. பின்னர் உதிர்ந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளுக்கு இவ்விரு படிகளே சான்று. எழுத்தர் பழைய ஆங்கிலம் அறியாதவர். ஆகவே கண்டதைக் கண்டவாறே வரைந்தார். மொழி அறிந்த தோர்கெலின் சில இடங்களில் தாம் சரியென எண்ணியதை எழுதினார். பொருள் அறியாதவன் எழுதிய படி சிலபோது கூடுதல் நம்பத்தக்கது என்பது, ஓலைச்சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளருக்குப் புதிதன்று. 1807இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டெறிந்து தாக்கியபோது தோர்கெலினின் வீடு எரிந்தது. பதிப்புக்கென அவர் எழுதிவைத்தவை அழிந்தன; படிகள் இரண்டும் தப்பின. 1815இல் முதற்பதிப்பு வெளிவந்தது.

நீரும் வாயுவும்

அருங்காட்சியகத்துக்கு வந்த பின்னரும் காட்டன் சுவடிகளைத் தீ விடவில்லை. 1865இல் அருங்காட்சியகத்தின் கட்டுமானப் பட்டறையில் தீப்பற்றியது. செப்பனிடுவதற்காக அங்குக் கொண்டுவரப்பட்டிருந்த காட்டன் சுவடிகள் சில மீண்டும் கருகின. சேமிப்பறையில் இருந்திருந்தால் அவை தப்பியிருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் இழப்பு வேறு அளவை எட்டியது. 1940 அக்டோபர் 20 அன்று காலின்டேல் என்னுமிடத்திலிருந்த செய்தித்தாள் சேமிப்பகத்தின்மேல் குண்டு விழுந்தது. ஏறத்தாழ 6,000 தொகுதிகள் அழிந்தன. 15,000 தொகுதிகள் சேதமுற்றன. அவற்றுள் பெரும்பாலானவை மாவட்டச் செய்தித்தாள்களும் அயர்லாந்துச் செய்தித்தாள்களும் ஆகும். தலைநகர் இதழ்களில் ஏறாத வட்டாரச் சொற்கள் அச்சேறிய இடம் அத்தகைய இதழ்களே என்பதால், சொல் வரலாற்றாளர் இவ்விழப்பைப் பெரிதெனக் கருதுவர். 1941 மே 10 இரவு எரிகுண்டுகள் விழுந்து அருங்காட்சியகத்தின் நூலடுக்குகளில் ஏறத்தாழ 2,50,000 நூல்கள் அழிந்தன.

போருக்குப் பின் நூலகங்கள் எதிர்கொண்ட வினா, நூலைத் தீயிலிருந்து காக்கும் நீரிலிருந்து நூலை எவ்வாறு காப்பது என்பதாயிற்று. 1986 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மைய நூலகத்தில் ஏற்பட்ட தீயில் ஏறத்தாழ 4,00,000 நூல்கள் அழிந்தன. நீராலும் புகையாலும் கெட்டவை 7,00,000. ஈரம்பட்ட நூல்களைப் பூஞ்சை பற்றாமல் காக்க உறைகுளிர் அறைகளில் இட வேண்டியதாயிற்று. தானியங்கி நீர்த்தெளிப்பான் தொடக்கத்திலேயே சிறிதளவு நீரால் தீயை ஒடுக்கிவிடும். தீயணைப்புப் படையின் குழாய் நீரை விட அது குறைந்த தீங்கு செய்யும். இது மெய்யே ஆயினும், சுவடிக்காப்பாளர் பலர் நூலடுக்கின்மேல் நீர்க்குழாய் ஓடுவதையே விரும்பவில்லை.

ஆகவே வாயுக்கள் நாடப்பட்டன. கரியமில வாயு தீயை அணைக்கும். அறையில் இருக்கும் மனிதரையும் கொல்லும். ஹாலான் 1301 எரிதலின் தொடர்வினையை அறுப்பது, எச்சம் விடாது. எனவே அது ஆவணக்காப்பகங்களில் விரைந்து பரவியது. ஆனால் அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்று அறியப்பட்டது. 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழி வந்த முடிவுகளின்படி வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1994 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. நீர், கரியமில வாயு, ஹாலான் ஆகிய மூன்றும் ஒரு வகையில் ஒன்றே. தீ முதலில் தோன்ற வேண்டும். கருவி அதை உணர வேண்டும். அதன் பின்னரே வேலை தொடங்கும். அந்த இடைவெளியில் எரிவது எதுவோ அது போனதே.

வளியின் பெயர்கள்

1731இல் தீயை அணைக்க முயன்றவர்களுக்கு, தீ காற்றிலிருந்து எதைப் பெறுகிறது என்பது தெரியாது. எரியும் பொருளிலிருந்து ‘ஃபுளோஜிஸ்டன்’ என்னும் ஒன்று வெளியேறுவதே தீ என்னும் கொள்கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது. 1772இல் டேனியல் ரூதர்ஃபோர்டு தீயும் உயிரும் தங்காத வாயுவைப் பிரித்தறிந்தார். 1774இல் ஜோசப் பிரீஸ்ட்லி தீயைக் கிளர்த்தும் வாயுவைப் பெற்றார். ஷீலே அதனைத் தனியே கண்டிருந்தார். இரண்டுக்கும் புதுப்பெயர் இட்டுக் கொள்கையை மாற்றியவர் லவாய்சியர்.

அவர் இட்ட ‘ஆக்சிஜன்’ என்னும் பெயருக்கு அமிலம் ஆக்குவது என்று பொருள். அமிலங்கள் அனைத்திலும் அது உண்டு என்று அவர் கருதியது பிழை; பெயர் நிலைத்துவிட்டது. ஜெர்மானிய மொழி அப்பிழையையும் சேர்த்தே ‘சாவர்ஷ்டோஃப்’ (புளிப்புப் பொருள்) என மொழிபெயர்த்துக்கொண்டது. மற்றொரு வாயுவுக்கு அவர் இட்ட ‘அசோட்’ என்னும் பெயருக்கு உயிரற்றது என்று பொருள். பிரெஞ்சில் அது இன்றும் வழங்குகிறது. ஜெர்மானியரோ அதை ‘ஷ்டிக்ஷ்டோஃப்’ என்றனர். மூச்சை அடைப்பது, தீயைத் திணறடிப்பது ஆகிய இரண்டுக்கும் அம்மொழியில் ஒரே வினைச்சொல் உண்டு. அதிலிருந்து எழுந்த பெயர் இது. இப்பெயர்களுள் நூலகச் சேமிப்பகத்தில் நைட்ரஜன் செய்யும் தொழிலைச் சரியாகச் சொல்வது இதுவே.

தமிழ் வேறு வழியில் சென்றது. பிராணவாயு, உயிர்வளி ஆகிய இரு பெயர்களும் அமிலத்தையோ தீயையோ கருதாமல் மூச்சைக் கருதி அமைந்தவை. பாடநூலில் இவை பொருத்தமானவை. ஆயின் ‘உயிர்வளி குறைப்பு’ என்று எழுதியவுடன், படிப்பவர் மனத்தில் தீயணைவதற்கு முன் மனிதர் மூச்சுத்திணறல் தோன்றிவிடுகிறது. இத்துறைக்கு ‘ஆக்சிஜன்’ என்னும் கடன்சொல்லே ஏற்றது எனலாம். அதன் சொற்பிறப்புத் தமிழில் எவருக்கும் எதையும் நினைவூட்டுவதில்லை.

அடுத்த சொல்லில் இடர் மிகுதி. ‘ரிடக்‌ஷன்’ என்பது வேதியியல் தமிழில் ஒடுக்கம். ‘ஆக்சிஜன் ஒடுக்கம்’ என்று பெயர்த்தால், எரிமக் கலங்களில் ஆக்சிஜன் எதிர்மின்னிகளை ஏற்கும் வினையை அது குறிக்கும். பொருள் முற்றிலும் மாறிவிடும். இங்கு வேண்டுவது அளவைக் குறைத்தல் என்னும் அன்றாடப் பொருளே. கலைச்சொல்லாகத் தோன்றுவது எல்லா இடத்திலும் கலைச்சொல் அன்று என்பதற்கு இது தக்க சான்று. 2011இல் வெளிவந்த பிரித்தானிய வரையறை இம்முறையை ‘ஹைப்பாக்சிக்’ காற்று என்றது. அச்சொல் மருத்துவத்தில் நோயாளியின் உடல்நிலையைக் குறிப்பது. நேராகத் தமிழ்ப்படுத்தினால் நோய்ப்பெயர் ஆகிவிடும். 2017ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரநிலை இதனை நிலையான தீயணைப்பு முறைகளின் வரிசையில் வைத்தது. 2019ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலை தீத்தடுப்பு என்றது. அணைப்பதற்குத் தீயே தோன்றாத ஒரு முறையைத் தீயணைப்பு என்று அழைத்ததற்கு நிருவாகப் பிரிவின் வசதியன்றி வேறு காரணம் தோன்றவில்லை.

முறை செயற்படும் விதம்

இயல்பான காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு; நைட்ரஜன் 78 விழுக்காடு. அமுக்கிய காற்றைத் துளையுள்ள நுண்ணிழைகளின் வழியாகவோ, ஒரு வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும் கரித்துகளின் வழியாகவோ செலுத்தினால் நைட்ரஜன் மிகுந்த காற்று பிரிந்து வரும். அது குழாய் வழியே இறுக்கமாக மூடிய சேமிப்பகத்துக்குள் விடப்படுகிறது. உணரிகள் ஆக்சிஜன் அளவை இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும். கசிவால் அளவு ஏறினால் நைட்ரஜன் மீண்டும் செலுத்தப்படும். நூலகங்களில் அளவு பெரும்பாலும் 15 விழுக்காட்டை ஒட்டி வைக்கப்படுகிறது. எரிவதற்கு வேண்டிய குறைந்த அளவு பொருளுக்குப் பொருள் மாறும். மரத்தை விடக் காகிதத்துக்கு இன்னும் குறைத்தாக வேண்டும். ஆகவே எண்ணைச் சோதனையால் உறுதி செய்வதே வழக்கம்.

இங்கு ஓர் ஐயம் எழும். 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள அறையில் மூச்சுவிடுபவர், தொட்டபெட்டா உச்சியில் (2,637 மீட்டர்) நிற்பவர் பெறும் அளவு ஆக்சிஜனையே ஏறத்தாழப் பெறுகிறார். தொட்டபெட்டாவில் விறகு எரிகிறதே, அறையில் மட்டும் காகிதம் ஏன் எரிவதில்லை? மனித உடல் கருதுவது ஆக்சிஜனின் அழுத்தத்தை. தீ பெரிதும் கருதுவது அதன் விகிதத்தை. மலையில் காற்று முழுவதும் மெலிந்திருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்னும் விகிதம் மாறுவதில்லை. அறையிலோ ஒவ்வொரு பங்கு ஆக்சிஜனுக்கும் கூடுதல் நைட்ரஜன் உடனிருந்து சுடரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது; சுடர் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாமல் போகிறது. மனிதனுக்கும் தீக்கும் இடையே உள்ள இந்தச் சிறு வேறுபாட்டின்மீதே முறை முழுவதும் நிற்கிறது. நலமுள்ளவர் குறித்த நேரம் உள்ளே சென்றுவரலாம். இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர் செல்லலாகாது.

பாஸ்டன் ஸ்பாவில் 2009இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் 262 கிலோமீட்டர் அளவு அடுக்குகளில் ஏறத்தாழ 70 இலட்சம் உருப்படிகளுக்கு இடமுண்டு. நூல்கள் பெட்டிகளில் இருக்கும்; பாரந்தூக்கி எந்திரங்களே அவற்றை எடுத்து வெளியே தரும். மனிதர் உள்ளே உலவும் தேவை இல்லாததால் குறைந்த ஆக்சிஜன் இடையூறு ஆவதில்லை. காலின்டேல் 2013இல் மூடப்பட்டது. அங்கிருந்த செய்தித்தாள்கள் பாஸ்டன் ஸ்பாவில் எழுந்த இரண்டாம் கட்டடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 2015 சனவரியில் அது முறையாகத் திறக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுச் செய்தித்தாள்கள், ஏறத்தாழ 6 கோடி இதழ்கள், 14 பாகை வெப்பத்தில், 55 விழுக்காடு ஈரப்பதத்தில், இருளில் அடுக்கப்பட்டுள்ளன. 1940இல் தப்பியவை இவற்றுள் அடங்கும்.

எல்லைகள்

இம்முறைக்கு இருப்பதாகச் சொல்லப்படும் நன்மைகள் அனைத்தும் மெய்யல்ல. 15 விழுக்காட்டில் பூச்சிகள் சாவதில்லை. அதற்கு ஆக்சிஜனை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுசெல்ல வேண்டும். சுடரின்றிக் கனிதல், சுடருக்குரிய அளவினும் குறைந்த ஆக்சிஜனிலும் தொடரக்கூடும். அமுக்கிகள் ஆண்டு முழுவதும் மின்சாரம் கொள்ளும். கசிவுள்ள பழைய கட்டடத்தில் செலவு கட்டுக்கடங்காது. ஆகவே இது பெரும்பாலும் புதிதாகக் கட்டப்படும் சேமிப்பகங்களுக்கே உரியதாக உள்ளது.

மனிதர் திட்டமிட்டு வைக்கும் தீக்கு முன் இம்முறை நிற்காது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 – ஜூன் 1 இரவில் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. கதவை உடைத்து வருபவர்க்கு முன்னால் மூடிய அறை என்பதே இல்லை. வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். அந்நூலகத்தில் இருந்து, வேறெங்கும் படியில்லாத ஏடுகளைப் பொறுத்தவரை, ஒரு காஸ்லியோ ஒரு கூலி எழுத்தரோ முன்னர் வந்து சென்றிருந்தாரா என்பதே எஞ்சும் வினா.

சேமிப்பகத்துக்கு வெளியே நூல் கழிக்கும் நேரத்தையும் கருத வேண்டும். படிப்பறை, செப்பனிடும் பட்டறை, படமெடுக்கும் அறை ஆகிய எல்லா இடங்களிலும் இயல்பான காற்றே உள்ளது. 1865இல் சுவடிகள் கருகியது அத்தகைய ஓரிடத்தில்தான். காட்டன் சுவடிகள் இன்றும் பாஸ்டன் ஸ்பாவில் இல்லை; அவை இலண்டன் செயின்ட் பாங்கிராஸ் கட்டடத்தில், ஆய்வாளர் அருகில் உள்ளன. குறைந்த ஆக்சிஜன் காப்பது மிகுதியும் அருகியே கேட்கப்படும் நூல்களை. இதைக் குறையெனச் சொல்வது பொருந்தாது. 1726க்கு முன் ‘மால்டன் போர்’ சுவடியும் அருகியே கேட்கப்பட்டிருக்கும்.

2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டது. எந்திரங்களுக்கு எண் சொல்லும் அமைப்பு நின்றது. பாஸ்டன் ஸ்பாவில் இருந்த நூல்களைப் பெறுவது பல மாதங்கள் தடைப்பட்டது. நூல்கள் எரியவில்லை, நனையவில்லை, ஓர் ஏடும் உதிரவில்லை. சுடர் எழாத காற்றில் அவை இருந்தன. அவற்றைக் கேட்ட ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை, முன்னரே எவரோ எடுத்து வேறிடத்தில் வைத்திருந்த நுண்படச் சுருள்களும் படிகளும்தாம்.